லாரன்ஸ் ரோட்டு மேரிக்கா

"தம்பி, இதுல ஊதா இருக்கா?"

மேரிக்கா இப்படிக் கேட்டால் அவருக்கு ஊதாவும் வேண்டாம், பச்சையும் வேண்டாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் என்றால் "இருக்குக்கா, பாருங்க" என்று ரேக்கிலிருந்து இழுத்துப் போடுவான், பாவம். பழைய ஆள் அசைய மாட்டான். அந்தக் கேள்வி தனக்கில்லை என்று அவனுக்குத் தெரியும். கொஞ்சம் தள்ளி, சட்டை பார்ப்பதுபோல நிற்கும் ஒரு வாலிபன் அந்த நேரத்தில் நிமிர்வான். அவனைப் பெற்றவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வாள். எதிரே சுடிதார்த் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, தன்னை ஒரு குடும்பமே உற்றுப் பார்க்கிறது என்பது தெரியவே தெரியாது. ஊதா என்றால் 'இந்தப் பொண்ணுதான், நல்லா பாத்துக்குங்க' என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ரெண்டாம் பூசை முடிந்ததும் பாக்கியமேரி என்கிற மேரிக்கா லாரன்ஸ் ரோட்டுக்கு வந்துவிடுவார். கடலூரின் பகட்டெல்லாம் வந்து சேருகிற தெரு அது. நகைக்கடைகள், ஐந்து மாடி ஜவுளிக்கடைகள், கண்ணாடிக் கதவு திறந்ததும் முகத்தில் மோதும் குளிர்காற்று, ஒரே நிறச் சேலையில் வரிசையாக நின்று கும்பிடும் பெண்கள். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த குடும்பமும் வரும், அண்ணாகிராமத்தில் முந்திரி விற்ற கையோடு ஜீப்பில் வந்து இறங்குகிற குடும்பமும் வரும். எல்லோரும் வாங்க வருகிறார்கள். மேரிக்கா உலாத்த வருகிறார். அந்தத் தெருவில்தான் நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நான் ஒரு சிடுமூஞ்சி. கூட்டம் என்றாலே எனக்கு ஆகாது. அப்பேர்ப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறேன் என்றால், அது மேரிக்கா வருவதைப் பார்க்கத்தான்.

நெட்டையான உருவம். புடவைக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ. "டைல்ஸ் தரையில செருப்பு வழுக்குது தம்பி. வுழுந்து கால ஒடச்சுக்கினா ஊருக்கு யாரு மாப்பிள்ள பாக்கிறது?" என்பார். தோளில் ஒரு துணிப்பை. அதில் தண்ணீர் பாட்டில், ஜெபமாலை, காகிதத்தில் பொட்டலம் கட்டிய அவித்த வேர்க்கடலை. கடை கடையாக ஏறி இறங்குவார். எந்தக் கடையிலும் எதையும் வாங்கிய சரித்திரம் இல்லை. ஆனாலும் அவரை வெளியே போகச் சொன்ன கடை ஒன்றுகூட இல்லை. அவரை விரட்டினால் அவருக்குப் பின்னால் வரும் கல்யாணக் கூட்டம் அடுத்த கடைக்குப் போய்விடும் என்று முதலாளிகளுக்குத் தெரியாதா என்ன?

அறுபதைத் தாண்டிவிட்டார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கு இந்த ஊரில் மாப்பிள்ளை வயதில் திரிகிறவர்களில் எத்தனையோ பேர் அவர் கையால் முட்டை வாங்கித் தின்றவர்கள். அந்த ஞாபகத்தை வைத்தே ஆளை எடை போடுவார்.

"அந்தப் பையன் வேணாம் தம்பி. பக்கத்துத் தட்டுல இருக்கிற முட்டைய எடுத்துத் திம்பான்."

"அது மூணாங்கிளாஸ்லக்கா! இப்ப அவன் துபாய்ல இன்ஜினீயரு."

"இருக்கட்டுமே. துபாய்ல முட்ட இல்லியா?"

தரகர் என்று மட்டும் அவர் காதுபடச் சொல்லிவிடக் கூடாது. "நான் இன்னா மாட்டுச் சந்தையிலயா நிக்கிறேன்?" என்று எகிறுவார். காசு வாங்க மாட்டார். கல்யாணம் முடிந்ததும் அந்த வீட்டார் ஒரு புடவை வைத்துக் கொடுப்பார்கள், அதை மட்டும் வாங்கிக்கொள்வார். அவர் கட்டுகிற புடவை அத்தனையும் அப்படி வந்ததுதான். யார் யாரோ தங்கள் கண்ணுக்குப் பிடித்ததை எடுத்துக் கொடுத்தது, அதனால் எந்த நிறமும் அவருக்குப் பொருந்தாது. ரவிக்கை ஒரு பக்கம், புடவை ஒரு பக்கம் என்றிருக்கும். அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. "இது செந்தமிழ்செல்வன் கல்யாணத்துது. அவனுக்கு இப்ப ரெட்டப் புள்ள" என்று முந்தானையைத் தூக்கிக் காட்டுவார்.

வீட்டுக்குப் போய்ப் பெண் பார்க்கும் வழக்கத்தில் அவருக்கு நம்பிக்கை போய் வெகுகாலம் ஆயிற்று. "கேசரியத் தின்னுட்டு, ஊட்டுக்குப் போயி தகவல் சொல்றோம்ங்கிறானுங்க. அந்தப் பொண்ணு போன பாத்துக்கினே கெடக்கும். கடையில பாத்தா யாருக்கு இன்னா தெரியும்? புடிச்சா மேல பேசு. புடிக்கலியா, சட்டைய மடிச்சு வச்சிட்டு ஊட்டுக்குப் போ. ஒருத்தருக்கும் மனசு நோவாது." போட்டோவும் கொடுக்க மாட்டார். போட்டோவில் எல்லாப் பெண்ணும் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் இருக்குமாம். செல்போனில் ஆயிரம் முகத்தைப் பார்த்துச் சலித்தவர்கள்கூடக் கடைசியில் மேரிக்காவைத் தேடித்தான் வருகிறார்கள். வருகிற எல்லோருக்கும் அவர் போடுகிற சட்டம் ஒன்றுதான்: பார்த்தால் பார்த்த மாதிரி தெரியக் கூடாது.

பெண்ணை மட்டும்தான் காட்டுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பையனை முதலில் செருப்புக் கடைக்கு வரச் சொல்வார். பெண்ணின் அப்பா பக்கத்து பெஞ்சில் ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். காலடியில் குந்தி ஷூ மாட்டிவிடுகிற ஆளிடம் பையன் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்க்க வேண்டும். காலை நீட்டிவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தால் கதை அதோடு முடிந்தது. "குடுங்கண்ணே, நானே போட்டுக்கிறேன்" என்று குனிகிறவனுக்கு அடுத்த வாரமே ஊதா.

ஒரு தடவை இந்த ஊதாவே வம்பாகப் போயிருக்கிறது. அருண்பாண்டியன் என்ற பையனை நிறுத்தி வைத்துவிட்டு மேரிக்கா பெண் வீட்டாருக்காகக் காத்திருந்தார். அதற்குள் நிஜமாகவே ஊதாப் புடவை வாங்க வந்த ஒரு அம்மா, "ஏம்பா, இதுல ஊதா இருக்கா?" என்று கேட்டுத் தொலைத்தார். பையன் நிமிர்ந்து பார்த்தான். அந்த அம்மாவின் பக்கத்தில் அவருடைய மகள் கயல்விழி. பையனுக்குப் பிடித்துப்போய்விட்டது. "எனக்கு இந்தப் பொண்ணுதான்" என்று ஒற்றைக் காலில் நின்றான். மேரிக்கா முன்பின் தெரியாத அந்தக் குடும்பத்தைத் தெருக்கோடி வரை துரத்திப் போய் விசாரித்து, பேசி, முடித்தும் வைத்துவிட்டார். காட்ட வேண்டியிருந்த பெண்ணுக்கு அந்த வருஷம் ஆவணியிலேயே வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

சிதம்பரம் பக்கத்து வரன் என்றால் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார். அங்கே தேரோடும் நாலு வீதியும் அவருக்குத் தோதாக அமைந்திருக்கிறது. பெண் வீட்டாரைக் கீழ வீதியிலிருந்து தெற்கே நடக்கவிடுவார், பிள்ளை வீட்டாரை வடக்கே. வேடிக்கை பார்த்துக்கொண்டே போனாலும் மேல வீதியில் எதிரெதிரே வந்துதானே ஆக வேண்டும்? "பாக்கலன்னு எவனும் சொல்ல முடியாது பாரு" என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

என் கடை வாசலிலிருந்து தெருக்கோடி வரை ஒருநாள் அவரோடு நடந்தேன். மேரிக்காவுக்கு இன்றைய கடைப் பெயர் ஒன்றும் நாக்கில் வராது. வைர நகைக் கடையைக் காட்டி, "இங்கதான் பன்னீர் சோடாக்காரரு இருந்தாரு" என்பார். எஸ்கலேட்டர் ஓடுகிற ஜவுளிக்கடையைக் காட்டி, "இங்க வெள்ள மெத்த போட்டிருப்பாங்க. செருப்ப வாசல்ல வுட்டுட்டு ஏறி சம்மணம் போட்டு உக்காரணும். ஒரு பொடவ எடுக்கிறதுக்குள்ள கடைக்காரரு நம்ம குடும்பக் கதய பூரா கேட்டுடுவாரு. இப்ப யாரு கேக்குறா? பார்கோடுதான் கேக்குது" என்பார். எனக்கும் அந்த மெத்தை ஞாபகம் இருக்கிறது. புதுத் துணியின் கஞ்சி வாசனையில் அம்மா மடியில் தூங்கிப்போவேன். அதைச் சொன்னதும் மேரிக்கா பொட்டலத்தைப் பிரித்து ஒரு கை வேர்க்கடலை கொடுத்தார்.

இந்தத் தெருவில் போனது எத்தனையோ. ஆனால் எங்கள் இருவருக்கும் மனசு அடித்துக்கொள்வது ரயில்வே கேட்டை நினைத்துத்தான். இப்போது சுரங்கப்பாதை வந்துவிட்டது, வண்டிகள் சர்ரென்று இறங்கி ஏறிப் போய்விடுகின்றன. அப்போதெல்லாம் கேட் விழுந்தால் தெருவே நின்றுவிடும். இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், நடுவில் தண்டவாளம். சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு எதிர்ப் பக்கத்தைப் பார்ப்பதைத் தவிர யாருக்கும் வேறு வேலை கிடையாது. நானும் பார்த்திருக்கிறேன். யாரை என்று கேட்காதீர்கள், என் வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்.

மேரிக்காவை அவர் கணவர் ஞானப்பிரகாசம் முதன்முதலில் பார்த்தது அந்தக் கேட்டில்தான். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள். மேரிக்காவுக்கு விஷயம் தெரியாது. "கூட்ஸு வண்டி தம்பி. முடியவே மாட்டேங்குது. பொட்டிக்கும் பொட்டிக்கும் நடுவுல ஒரு மூஞ்சி தெரியுது, மறையுது, தெரியுது, மறையுது. வண்டி போச்சு. கேட்டத் தொறந்துட்டாங்க. எல்லாரும் அடிச்சுப் புடிச்சுக்கினு போறாங்க. அவரு மட்டும் நின்ன எடத்துலயே நிக்கிறாரு. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது." ஞானப்பிரகாசம் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. சுரங்கப்பாதையில் நடக்கும்போது தலைக்கு மேல் ரயில் சத்தம் கேட்டால் மேரிக்கா பேச்சை நிறுத்திவிடுவார், சத்தம் ஓய்ந்த பிறகுதான் அடுத்த வார்த்தை வரும்.

ஊருக்கெல்லாம் ஊதா கேட்ட மேரிக்காவுக்கு ஒரே மகள், பெலிசியா. சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வாரம் முழுக்க அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டு சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. படிப்பை முடித்த வருஷம் ஒரு குடும்பம் வீட்டுக்கு வந்து பார்த்தது. தட்டோடு வந்தவளை நடக்கச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள், கூந்தலை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "பல்லு பாக்கலியா?" என்று கேட்டாள். வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இனி எவன் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னவள், சொன்னதுதான். அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை விவகாரத்திலும் தலையிட மாட்டாள், கடைத்தெரு பக்கமே வர மாட்டாள்.

கல்யாணம் ஆகப்போகிறவர்கள் பெயரைக் கோயிலில் பூசை நடுவே ஃபாதர் கல்யாண ஓலையாக வாசிப்பதைப் பற்றி மேரிக்கா ஒருநாள் சொன்னார்: "ஃபாதர் வாசிக்கிற பேரு ரெண்டும் நான் சேத்து வச்சதா இருக்கும் தம்பி. எல்லாரும் என்னத் திரும்பிப் பாப்பாங்க. சந்தோசமாதான் இருக்கும். ஆனா என்னால தலைய நிமுத்த முடியாது."

இந்த ஆடியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். வேர்க்கடலையை எடுக்கவில்லை. அதிலேயே விஷயம் பெரிது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நாளைக்கு நீதான் தம்பி ஊதா கேக்கணும்."

சேத்தியாத்தோப்பில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் லூர்து பிரகாஷ் என்ற பையன். நல்ல குடும்பம், குடி கிடையாது. செருப்புக் கடையில் போன வாரமே குனிந்து பாஸாகிவிட்டான். அப்பா இல்லை. அம்மா பிரிசில்லா வைத்ததுதான் வீட்டில் சட்டம்.

"சொந்தப் பொண்ண நானே காட்டுனா நல்லா இருக்காது. பெத்தவ வாயால வரக் கூடாது. நீ அவுங்க கூட நில்லு. நான் பெலிசிய இட்டாறேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வருவாளா? ஆடித் தள்ளுபடிக்குப் போலாம் வாடின்னேன். இன்னா அதிசயமோ, ஒடனே சரின்னுட்டா." பிறகு கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு ஒன்னு ஆயிட்டா அவ அந்த ஊட்டுல ஒண்டியா கெடப்பா தம்பி. படுத்தா அதுதான் நெனப்பு. இது ஒன்னு அமைஞ்சிட்டா போதும், அப்புறம் நான் ஒரு பய கல்யாணத்துக்கும் அலைய மாட்டேன்."

மேரிக்கா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. சரி என்றேன். கூட்டம் என்றாலே ஆகாதவன், ஆடித் தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமையில் ஜவுளிக்கடைக்குச் சரி என்றேன். என் தலையெழுத்து!

மறுநாள் இரண்டாம் மாடியில் தள்ளுபடிப் புடவைகளை நடுவில் மேடை போட்டுக் குவித்திருந்தார்கள். சுற்றிலும் பெண்கள். தலைகூடத் தெரியவில்லை, கைகள்தான் தெரிந்தன. நான் வேட்டிப் பகுதியில் லூர்து பிரகாஷோடு நின்றேன். அந்தக் குளிர்காற்றிலும் பையனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"மாமா, நான் இப்பிடி நின்னா சரியா இருக்குமா?"

"நில்லுப்பா, நீ எப்படி நின்னாலும் இங்க உன்ன யாரும் பாக்கப் போறதில்ல."

பிரிசில்லா அம்மாவும் எங்களோடுதான் நின்றார். நின்றபடியே இருந்திருக்கலாம். ஆனால் புடவைக் குவியலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு யாரால் சும்மா நிற்க முடிகிறது? "அவுங்க இன்னும் வரலயே, நான் சும்மா ஒரு பார்வ பாத்துட்டு வந்துடுறேன்" என்று போனவர் கூட்டத்துக்குள் மறைந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து மேரிக்கா மகளோடு எஸ்கலேட்டரில் ஏறி வந்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதுல ஊதா இருக்கா?" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கக் கேட்டேன். கடை ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "வேட்டியில ஊதாவா சார்?"

லூர்து பிரகாஷ் நிமிர்ந்து பார்த்தான். பெலிசியாவுக்கு அம்மாவின் உயரம். கூந்தலைக் கொண்டையாக முடிந்திருந்தாள். யாரையும் பார்க்காமல், எதையோ தேடி வந்தவளாக விறுவிறுவென்று நடந்தாள். பையன் முகம் மலர்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆஹா, ஒரு ஊதாவில் முடிந்தது காரியம் என்று எனக்கே ஒரு கர்வம் வந்துவிட்டது. பார்க்க வேண்டிய இன்னொருவர் குவியலுக்குள் இருந்தார் என்பதை மறந்துவிட்டேன்.

பெலிசியாவும் நேரே போய்க் குவியலுக்குள் கையை விட்டாள். வெந்தய நிறப் புடவை, அரக்கு பார்டர். ஒரு முனை கையோடு வந்தது, மறுமுனை வரவில்லை. இழுத்தாள். எதிர்ப்பக்கமும் இழுத்தது. நடுவில் இருந்தவர்கள் விலகினார்கள். மறுமுனையில் பிரிசில்லா அம்மா.

"நான்தாம்மா மொதல்ல எடுத்தேன்."

"இல்ல ஆன்ட்டி, முந்தான என் கையில இருக்கு பாருங்க. நீங்க வெறும் ஓரத்தப் புடிச்சிருக்கீங்க."

"வயசுல பெரியவ கேக்குறேன், வுடேன்."

"பொடவைக்கும் வயசுக்கும் இன்னா சம்பந்தம்? இவ்ளோ கெடக்குதே, வேற எடுத்துக்குங்க."

"எனக்கு இந்தக் கலருதான் வேணும்."

"எனக்கும் இதேதான் வேணும் ஆன்ட்டி."

யார் யார் என்று அந்த இருவருக்கும் தெரியாது. தெரிந்த மூன்று பேரும் வாயைத் திறக்க முடியாது. லூர்து பிரகாஷ் வேட்டி ஒன்றைக் கையில் எடுத்துக் கசக்கிக்கொண்டிருந்தான். மேரிக்கா எஸ்கலேட்டர் ஓரத்தில் புடவை கட்டிய பொம்மைகளுக்கு நடுவே அசையாமல் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. எத்தனை சண்டையைப் பேசித் தீர்த்தவர்! ஓடிப்போய் நடுவில் நின்றால் பெலிசியாவுக்கு விஷயம் தெரிந்துவிடும். தான் போட்ட சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டு நின்றார்.

பெலிசியா ஒரே இழுப்பு இழுத்தாள். புடவை வந்துவிட்டது. "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று வேறு சொல்லிவிட்டு பில் போடுகிற இடத்துக்குப் போய்விட்டாள்.

பிரிசில்லா அம்மா கையை உதறிக்கொண்டு எங்களிடம் வந்தார். "இன்னா பொண்ணுப்பா அது, இன்னா வாயி! எவன் கட்டிக்கினு அவஸ்தப்படப் போறானோ. சரி, நம்ம பொண்ணு வந்துச்சா?"

லூர்து பிரகாஷ் என்னைப் பார்த்தான். நான் மேலே சுழலும் கேமராவைப் பார்த்தேன்.

"அம்மா, அதுதாம்மா பொண்ணு" என்றான்.

அந்தம்மா பில் போடுகிற இடத்தை எட்டிப் பார்த்தார். பிறகு மகனைக் கேட்டார்: "உனக்குப் புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்கும்மா."

அவன் சொன்ன வேகத்துக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தம்மாவுக்கு வரவில்லை. "மேரிக்காகிட்ட போயி சொல்லுங்க. பொண்ணு லட்சணமாதான் இருக்கு, இல்லங்கல. ஆனா ஒரு ஊட்டுக்கு வாழ வர்ற பொண்ணுக்கு வுட்டுக்குடுக்கிற கொணம் வேணும். அந்தப் பொடவைய அது கையால கொண்டாந்து என்கிட்ட குடுக்கட்டும். இன்னிக்கே ஊட்டுக்கு வந்து பேசி முடிச்சிடுறோம். குடுக்கலியா, வேணாம்."

"நீங்க யாருன்னே அவளுக்குத் தெரியாதேம்மா."

"தெரிஞ்சு குடுத்தா அதுல இன்னா இருக்கு? அவுங்க அம்மா சொல்லட்டும். பெத்தவ சொன்னா கேக்குதான்னும் பாத்துக்கிறேன்."

லூர்து பிரகாஷ் ஆரம்பித்தான்: "ஏம்மா, ஒரு பொடவைக்குப் போயி..."

"நீ சும்மா இரு."

அவன் சும்மா இருந்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

மேரிக்காவிடம் போய் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பையன் சும்மா இருந்ததையும் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. "அவ்ளோதானா? ஒரு பொடவதானே தம்பி. நான் போயி நின்னு பேசித் தீக்காததா! நான் கேட்டா என் பொண்ணு குடுத்துடுவா." கேன்வாஸ் ஷூ பறந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். பிரிசில்லா அம்மாவும் மகனும் கொஞ்சம் இடைவெளி விட்டு எங்கள் பின்னால் வந்தார்கள்.

பெலிசியா பணம் கட்டிவிட்டு, பொருள் கொடுக்கிற இடத்தில் நின்றாள். பையை நீட்டிய பெண், "தள்ளுபடிப் பொடவக்கா. விலச் சீட்டு அப்பிடியே இருந்தா நாளைக்குள்ள மாத்திக்கலாம். சீட்ட அறுத்துட்டா எடுக்க மாட்டாங்க" என்று எல்லோரிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னாள்.

"பெலிசி, அந்தப் பொடவ..."

"சூப்பரா இருக்குல்லம்மா? ஒரு ஆன்ட்டி புடுங்கிக்கினு போகப் பாத்துச்சு. வுடுவேனா?"

"அது இல்லடி. நான் இன்னா சொல்றேன்னா..."

"நீ ஒன்னும் சொல்லாத, வேணாம்னுதான் சொல்லுவ. இது உனக்கு." பையை அம்மாவின் கையில் திணித்தாள். "உன்கிட்ட இருக்கிறதெல்லாம் யார் யாரோ அவுங்களுக்குப் புடிச்ச கலர்ல குடுத்தது. ஒன்னாவது உனக்குப் புடிச்சதா இருக்கா? பஸ்ஸுல ஒரு அம்மா கட்டியிருந்ததப் பாத்து, இந்த வெந்தயக் கலரு நல்லா இருக்குடின்னு சொன்ன இல்ல? அன்னிலேருந்து சிதம்பரத்துல கடை கடையா தேடுறேன், கெடைக்கவே இல்ல. அதுக்குத்தான் நீ கூப்ட ஒடனே வந்தேன். இல்லன்னா இந்தக் கூட்டத்துல நான் வருவேனா?"

மேரிக்கா மகளைப் பார்த்தபடியே நின்றார். "குடுத்துடச் சொல்லுக்கா, இது பெலிசியாவோட வாழ்க்க" என்று சொல்லத்தான் நானும் நினைத்தேன். எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பிரிசில்லா அம்மா பக்கத்தில் வந்துவிட்டார். பெலிசியா அவரைப் பார்த்ததும், "என்ன ஆன்ட்டி, வேற நல்லதா கெடச்சுதா?" என்று மரியாதையாகவே கேட்டாள். அந்தம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. மேரிக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். லூர்து பிரகாஷ் அம்மாவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்தான்.

மேரிக்கா பையிலிருந்து புடவையை வெளியே எடுத்தார். மேல்மடிப்பைப் பிரித்து முந்தானையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். பிரிசில்லா அம்மா ஓர் அடி முன்னால் வந்தார், கையும் லேசாக நீண்டது. மேரிக்கா அவரை நேராக நிமிர்ந்து பார்த்தார். பிறகு விலைச்சீட்டு தொங்கிய நூலை வாயருகே கொண்டுபோய், பல்லால் கடித்து அறுத்தார்.